விதை கூடுகிறது; இளைஞர் கூடுவது எப்போது?

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கும் தோழர், ஒரு பிடி கடலையைக் கையில் எடுத்தாலே போதும், எது திரட்சி, எது சொத்தை என்று சொல்லிவிடுவார். அந்தக் கடலையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் வரப்பில்தான் போய் நிற்போம்.

தொலைவில் அல்ல. பக்கத்துத் திண்டிவனத்திலேயே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடலைக்கும் எள்ளுக்கும் முன்னால் நிற்கும் 'டி.எம்.வி.' என்ற மூன்று எழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கமே! 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2, நம் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கி எடுத்தது. ஆந்திரத்து உழவரும் கருநாடகத்து உழவரும் தலைமுறை தலைமுறையாக விதைத்த கடலை அது.

ஒரு நிலையம் தனித்து நின்று இரகம் தருவதில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் தோன்றியது. தலைமை கோவையில், கடலை வயல்களோ திண்டிவனத்தில், விருத்தாசலத்தில், ஆழியாறு நகரில். ஒரே விதையைப் பல மண்ணில் விதைப்பார்கள். எங்கே துரு நோய் தாக்கியது, எங்கே இலைப்புள்ளி வந்தது, எங்கே மழை பொய்த்தும் காய் பிடித்தது என்று கணக்கெடுத்து ஒன்று சேர்ப்பார்கள்.

விதை கூடுகிறது. கணக்குக் கூடுகிறது. அந்தக் கணக்கை வெயிலில் நின்று எழுதிய இளைஞர்கள் கூடுகிறார்களா?

எந்த ஒரு நிலையத்தையும் நாம் குறை கூற வரவில்லை. முறையைத்தான் கேட்கிறோம். கலப்பு செய்து, தேர்ந்து, சோதித்து, ஓர் இரகம் வெளிவரப் பத்தாண்டுகள் போல ஆகும். திட்டத்துக்கென்று அமர்த்தப்படும் இளைஞனுக்கோ இரண்டு மூன்று ஆண்டுதான் தவணை! திட்டம் முடிந்தால் அவன் வீட்டுக்குப் போகிறான்; அவன் கண்டறிந்ததில் பாதி அவனுடனேயே போகிறது. தேசியத் தேர்வில் வென்று உதவித்தொகை பெறுவோருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று தில்லி உயர்த்தியது. நன்று. ஆனால் தனித்து நிற்பவனின் தவிப்பைப் பணம் மட்டும் தீர்க்குமா? சங்கம் இல்லாத ஆலையில் வேலை செய்த தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

"படித்தவனுக்கு என்ன குறை?" என்று சிலர் ஏளனம் செய்வர். அதிகாரி ஒருவரே மேலாளர், அவரே வழிகாட்டி, சான்றிதழ் தருபவரும் அவரே என்றால், ஐயத்தை எவரிடம் கேட்பான்? தவறிப்போன சோதனையை எவரிடம் வாய்விட்டுச் சொல்வான்? பக்கத்து நிலையத்திலும் அதே சோதனை தவறியிருக்கும். அது இவனுக்குத் தெரியாது. ஒரு பருவம் வீண். அந்தப் பருவத்தின் நட்டம் ஆராய்ச்சியாளனுக்கு மட்டுமா? மானாவாரிக் கடலை போட்ட உழவனுக்கும், அதைச் சுமந்து கூலி வாங்கும் தொழிலாளிக்கும் அல்லவா!

நாம் கேட்பது பெரிதன்று. பருவத்துக்கு ஒருமுறை, இளையோர் ஒருவர் வயலை ஒருவர் பார்க்கப் பயணப்படி. வேறு நிலையத்து மூத்தவர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் துணை. வேலை முடிந்து போகிறவன் தன் குறிப்பேட்டை வருகிறவன் கையில் கொடுத்துப் பேச ஒரு மாதச் சம்பளம். அறிக்கையில் அவன் பெயர்.

திண்டிவனத்து இரயிலும் விருத்தாசலத்து இரயிலும் சந்திக்குமிடம் விழுப்புரம் சந்திப்பு. ஆழியாற்றுத் தோழர்கள்தாம் ஓரிரவு பயணம் செய்ய வேண்டும். ஆடிப்பட்டக் கடலை பிடுங்கி முடிந்ததும், ஐப்பசியிலேயே முதற் கூட்டத்தை இங்கே வைக்கலாம்.