1,200 ரூபாய் ஒயர், 58,400 ரூபாய் பில்: காரில் ஆம்ப்ளிஃபையர் வைக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

கார் லோன் பற்றின வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "மேடம், காருக்கு 2,000 வாட்ஸ் ஆம்ப் போடப்போறேன். 35,000 பட்ஜெட். ஓகேவா?"

ஒரு வரியில பதில் போட்டுட்டுப் போக முடியல. இந்த விஷயத்துல நான் ஏற்கெனவே ஒரு தப்பான அட்வைஸ் கொடுத்து, அதுக்கு வந்த பில்லையும் பார்த்தவள்.

என் சித்தி பையன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹாட்ச்பேக் வாங்கினான். தீபாவளி போனஸ் வந்ததும் ஆம்ப், சப்-வூஃபர், நாலு ஸ்பீக்கர்னு 32,000 ரூபாய்க்கு ஒரு லிஸ்ட் போட்டு எனக்கு அனுப்பினான். கடைசி வரியில "ஒயரிங் கிட் – 4,500". பக்கத்துலயே இன்னொரு கிட், 1,200. நான் ஆடிட்டர் புத்தியோட கேட்டேன்: "ஒயருக்கு எதுக்குடா நாலாயிரத்து ஐந்நூறு?" அவன் கடைக்காரர்கிட்ட கேட்டிருக்கான். அவர், "அதுல பேட்டரி பக்கத்துல தனி ஃபியூஸ் வருது சார். ஆனா ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கு, இன்னொண்ணு கட்டாயம் இல்ல"ன்னு சொல்லிட்டார். எனக்கு அது ஒரே செலவை ரெண்டு தடவை புக் பண்ற மாதிரி தெரிஞ்சுது. 1,200 கிட்டையே எடுன்னு சொல்லிட்டேன். 3,300 மிச்சம்.

மூணு மாசம் கழிச்சு, ராத்திரி திருச்சியில இருந்து தஞ்சாவூருக்கு சித்தியோட போயிட்டிருந்தான். துவாக்குடி தாண்டினதும் பிளாஸ்டிக் கருகுற வாசனை. டேஷ்போர்டுக்குக் கீழே, சித்தி கால்பக்கம் புகை. ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியை உருவிட்டான். புகை நிக்கல. சாவியை எடுத்தா கரண்ட் நின்னுடும்னுதான் நாம எல்லாரும் நினைக்கிறோம். ஆம்ப்புக்குப் போற மெயின் ஒயர் சாவி வழியா போறதே இல்ல, நேரா பேட்டரியில இருந்து போகுது. பக்கத்துல இருந்த பஞ்சர் கடைக்காரர் பத்து நம்பர் ஸ்பானரோட ஓடி வந்து பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டின பிறகுதான் அடங்குச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தீ பிடிக்கல. இந்த "தீ பிடிக்கல"ங்கற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

என்ன நடந்துச்சுன்னு சர்வீஸ் சென்டர்ல காட்டினாங்க. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல ஓட்டை வழியா அந்த ஒயரை இழுத்திருக்காங்க. ஓட்டையைச் சுத்தி ரப்பர் கிராமெட் போடல. வண்டி அதிர அதிர, தகரத்தோட விளிம்பு ஒயரோட தோலை அறுத்திடுச்சு. உள்ளே இருக்கிற கம்பி பாடியைத் தொட்டதும் நேரடி ஷார்ட். கார் பேட்டரி ஷார்ட் ஆனா சில நூறு ஆம்பியர் சாதாரணமா கொட்டும். ஆம்ப்ல ஃபியூஸ் இருந்துச்சே? இருந்துச்சு, டிக்கியில. கரண்ட் அங்கே போய்ச் சேரவே இல்லையே! பாதி வழியிலேயே பாடிக்குள்ள இறங்கிடுச்சு.

டிக்கியில இருக்கிற ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாத்தும். பேட்டரி பக்கத்துல இருக்கிற ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தும், அதாவது காரை. ரெண்டும் வேற வேற செலவு. நான் டபுள் என்ட்ரின்னு நினைச்சு அடிச்சது அந்த ரெண்டாவதைத்தான்.

மெயின் ஒயர் சூட்டுல பக்கத்துல போன டேஷ்போர்டு ஹார்னஸும் உருகிப்போச்சு. ஹார்னஸ், பேட்டரி, கார்ப்பெட், லேபர் எல்லாம் சேர்த்து 58,400.

"அக்கா, இன்ஷூரன்ஸ் இருக்குல்ல, ஜீரோ டெப் வேற போட்டிருக்கேன்"னான். நானும் நம்பிக்கையாத்தான் இருந்தேன். சர்வேயர் வந்து பார்த்துட்டு, தீ இல்ல, இது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்னு எழுதினார். பாலிசி வாசகத்தை எடுத்துப் படிச்சேன். நம்ம ஊர் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தீ, வெடிப்பு, தானா தீப்பிடிக்கிறது எல்லாம் கவர் ஆகும். மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது. அதே பக்கத்துல ரெண்டு பத்தி தள்ளி இருக்கு. ஜீரோ டெப் இங்கே உதவாது. அது, ஒத்துக்கிட்ட கிளெய்ம்ல தேய்மானம் பிடிக்காம இருக்கத்தான். கிளெய்மே இல்லன்னா அதுக்கு வேலையே இல்ல. போதாததுக்கு, ஆம்ப் வெச்சதை நாங்க கம்பெனிக்குச் சொல்லவும் இல்ல.

58,400-ல பாதி, 29,200, நான் கொடுத்தேன். அட்வைஸ் என்னோடதுதானே.

இப்ப அந்த 2,000 வாட்ஸுக்கு வரேன். பெட்டி மேல பெரிசா போட்டிருக்கிற நம்பரை விடுங்க, அது பெரும்பாலும் பீக் வாட்ஸ். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவுன்னு பாருங்க. அதையும் சரிபார்க்கணும்னா, ஆம்ப்போட பக்கவாட்டுல இருக்கிற ஃபியூஸைப் பாருங்க. தம்பியோடதுல 30 ஆம்பியர் ரெண்டு, மொத்தம் 60. வண்டி ஓடும்போது வோல்டேஜ் சுமார் 13.8. பெருக்கினா 828 வாட்ஸ். உள்ளே போறதே அவ்வளவுதான். கிளாஸ் ஏ.பி. ஆம்ப்னா அதுல பாதியோ கொஞ்சம் கூடவோதான் சத்தமா வெளியே வரும், மிச்சம் சூடு. கிளாஸ் டி-ன்னா 80 சதவீதம் வரைக்கும் வரலாம். அப்பவும் 660-தான். டர்ன்ஓவரைக் காட்டி லாபம்னு சொல்ற பேலன்ஸ் ஷீட்டை நான் இதைவிட நாகரிகமா பார்த்திருக்கேன்.

இந்த 60 ஆம்பியர்தான் ஒயரோட தடிமனை முடிவு பண்ணும். பேட்டரி முன்னாடி, ஆம்ப் டிக்கியில, நடுவுல அஞ்சு மீட்டர் ஓட்டம்னா 4 கேஜ் சுத்தமான செம்பு ஒயர் வேணும். தம்பி கிட்லயும் "4 கேஜ்"னுதான் போட்டிருந்துச்சு. வெட்டிப் பார்த்தா தோல்தான் தடிமன், உள்ளே கம்பி ஒல்லி. அதுவும் அலுமினியத்து மேல செம்பு முலாம். பிளேடால கம்பியைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம். அதே தடிமன்ல செம்பு தாங்குற கரண்டை அது தாங்காது.

ரெண்டாவது தடவை வேற கடையில வேலை நடந்தப்ப நான் கூடவே நின்னேன். முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டினாங்க. பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள, 45 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க, 60 ஆம்பியர் ஃபியூஸ். தகரத்தைத் தாண்டுற இடத்துல கிராமெட், ஒயர் மேல நெளி குழாய். எர்த் ஒயரும் அதே 4 கேஜ், ஆனா குட்டையா. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்துல போல்ட் போட்டு முறுக்கினாங்க. அந்தப் பையன் சீட் பெல்ட் போல்ட் பக்கம் கை கொண்டுபோனப்ப அவங்க மேஸ்திரியே அதட்டிட்டார். அது உயிர் காக்குற போல்ட், அதைக் கழட்டி எர்த் அடிக்கக் கூடாது. மஞ்சள் நிற உறை போட்ட ஏர்பேக் ஒயரோட சேர்த்து எதையும் கட்டவும் கூடாது. பாட்டு சிக்னல் ஒயர் காரோட இன்னொரு ஓரமா போச்சு, கரண்ட் ஒயர் பக்கத்துல போனா இன்ஜின் சத்தம் ஸ்பீக்கர்ல இரையும்.

எல்லாம் முடிஞ்சு இருபது நிமிஷம் நல்ல வால்யூம்ல ஓட்டிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த் போல்ட்டையும் தொட்டுப் பார்த்தோம். கை வைக்க முடியாத அளவு சுட்டா இணைப்பு லூஸ். அதுக்கு அப்புறம்தான் பணம் கொடுத்தேன். பில்லுல ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், ஒயர் எத்தனை கேஜ், வண்டி நம்பர் மூணையும் எழுத வெச்சேன்.

அந்த பில்லை இன்ஷூரன்ஸுக்கும் அனுப்பினோம். ஐ.எம்.டி. 24-ன்னு ஒரு என்டார்ஸ்மென்ட் இருக்கு. கார் விலையில சேராத எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக் பொருட்களுக்கானது. வழக்கமா மதிப்புல 4 சதவீதம். 32,000-க்கு 1,280, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா சுமார் 1,510. ஆன்லைன்ல ரினியூ பண்றப்ப "எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்"னு ஒரு கட்டம் வரும். நம்மில் பல பேர் பூஜ்யம் போட்டுட்டுத் தாண்டிடுறோம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு இது கிடைக்காது.

பத்தாயிரத்துக்கும் கம்மியான பொருள்னா இந்த பிரீமியம் பெரிய லாபமில்ல. சின்ன காருக்குக் கட்டாயக் கழிவே 1,000 ரூபாய். இருந்தாலும் நான் காட்டத்தான் சொல்வேன், நாளைக்கு வேற கிளெய்ம் வரும்போது "சொல்லாம மாத்தின வண்டி"ங்கற பேச்சு வராது. ஆனா ஒண்ணு: இதைப் போட்டுட்டாலும் எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் விலக்கு அப்படியேதான் இருக்கும். துவாக்குடியில நடந்தது மறுபடி நடந்தா அப்பவும் பணம் வராது. அதுக்குக் கைகொடுக்கிறது பேட்டரி பக்கத்துல இருக்கிற அந்த ஃபியூஸ் மட்டும்தான்.

வாரன்ட்டி மிச்சம் இருக்கிற புது வண்டின்னா, ஒயரிங்கை வெட்டி ஒட்டுறதுக்கு முன்னாடி வாரன்ட்டி புக்லெட்டைப் படிங்க. வெளி ஆக்சஸரியால வந்த கோளாறை பொதுவா ஏத்துக்க மாட்டாங்க.

அதனால கேள்வி கேட்டவருக்கு: 35,000-ல முதல்ல ஏழாயிரத்தை ஒயர், ஃபியூஸ், லேபர், என்டார்ஸ்மென்ட்னு எடுத்து வைங்க. மிச்சம் 28,000-க்கு எந்த ஆம்ப் வருதோ அதுதான் உங்க ஆம்ப். 2,000 வாட்ஸ்னு எழுதியிருக்காதுதான்.

தம்பி கார் இப்ப நல்லாத்தான் ஓடுது. சித்தி ஏறினா மட்டும் பாட்டு கிடையாது. ஏ.சி. போதுமாம்.