ஆன்லைன் ஆர்டர்களைப் பிரிக்கும் 'ஃபில்டர்': ஒரு சொல் மாறினால் சபா பார்சல் என்ன ஆகும்?

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். ஜொகூர், யோங் பெங்கில் உங்கள் வீட்டிலிருந்தே முறுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்த இணையக் கடை, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என மூன்று பக்கமிருந்தும் ஆர்டர் வருகிறது. ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் என்றால் கையாலேயே பார்த்துக்கலாம். எண்பது வந்தால்?

அப்போதுதான் பலர் 'ஷிப்பிங் சாஃப்ட்வேர்' பக்கம் போகிறார்கள். எல்லா ஆர்டர்களையும் ஒரே திரையில் சேர்ப்பது, கூரியரைத் தேர்ந்தெடுப்பது, பார்சலில் ஒட்டும் ஏர்வே பில்லை அச்சடிப்பது எல்லாம் அதன் வேலை. இதில் 'ஆட்டோமேஷன் ரூல்' என்ற வசதியும் உண்டு. நீங்கள் ஒருமுறை எழுதிவைத்த விதிப்படி, ஒவ்வொரு ஆர்டரையும் அதுவே பிரித்துவிடும்.

நல்ல வசதிதான். ஆனால் விதியில் ஒரு சொல் தவறினால், தீபாவளி முறுக்கு தீபாவளி முடிந்த பிறகு போய்ச் சேரலாம்.

ஃபில்டர் என்றால் என்ன?

ஜிமெயிலில் 'இந்த முகவரியிலிருந்து வரும் மெயிலைத் தனியே வை' என்று அமைத்திருக்கிறீர்களா? அதே கதைதான். ஒரு விதிக்கு இரண்டு பாதி. 'எந்த ஆர்டருக்கு?' என்பது ஃபில்டர். 'என்ன செய்ய வேண்டும்?' என்பது செயல்.

'எடை 1 கிலோவுக்குக் கீழ் இருந்தால்' என்பது ஃபில்டர். 'சிறிய பெட்டி, சாதாரண கூரியர்' என்பது செயல். அவ்வளவுதான்.

செயலில் தப்பு இருந்தால் உடனே கண்ணில் படும். ஃபில்டரில் தப்பு இருந்தால் சத்தமே வராது. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. கையால் செய்யும் தவறு ஒரு பார்சலோடு போய்விடும். விதியில் உள்ள தவறு, நீங்கள் கவனிக்கும்வரை எல்லாப் பார்சலிலும் தொடரும்.

தமிழில் 'உம்', கணினிக்கு 'அல்லது'

"சபாவுக்கும் சரவாக்குக்கும் போற பார்சலை விமானத்தில் அனுப்பு" என்று தம்பியிடம் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். இதையே அப்படியே சாஃப்ட்வேரில் எழுதினால்?

'மாநிலம் சபா' என்றும் 'மாநிலம் சரவாக்' என்றும் இரண்டு நிபந்தனை போட்டு, 'எல்லாமே பொருந்த வேண்டும்' என்று விட்டுவிட்டால், ஒரு ஆர்டர்கூட அதில் சிக்காது. ஒரு முகவரி ஒரே நேரத்தில் இரண்டு மாநிலத்தில் இருக்க முடியாதே! இங்கே வேண்டியது 'ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்' என்ற தேர்வு. நாம் வாயால் 'உம்' என்று சொல்லும் பல இடங்களில் கணினிக்கு 'அல்லது' என்றுதான் சொல்ல வேண்டும்.

விதி சிக்காவிட்டால், கூச்சிங் பார்சல் மற்ற பார்சல்களோடு சேர்ந்து சாதாரண சேவையில் போகும். அது கடல்வழிச் சேவையாக இருந்தால், தென் சீனக் கடலைத் தாண்டிப் போய்ச் சேர நாளாகும்.

அஞ்சல் குறியீட்டில் மூன்று பொறி

மாநிலப் பெயரை நம்பினால் வேறொரு சிக்கல். ஒருவர் மலாயில் 'புலாவ் பினாங்' என்று எழுதுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் 'பெனாங்' என்பார். அதனால் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டை ஃபில்டராக வைப்பது பாதுகாப்பு. அதிலும் கவனம் தேவை.

முதலாவது, கோத்தா கினாபாலு 88000, கூச்சிங் 93000. 'அப்படியானால் 8 அல்லது 9-இல் தொடங்குவதெல்லாம் கிழக்கு மலேசியா' என்று விதி எழுதிவிடாதீர்கள். யோங் பெங்கின் குறியீடே 83700! பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய பார்சலுக்கும் கிழக்கு மலேசியக் கட்டணம் விழும்.

இரண்டாவது, சபா 88 முதல் 91 வரை, சரவாக் 93 முதல் 98 வரை என்று சரியாகவே எழுதினாலும் லாபுவான் விட்டுப்போகும். அதன் குறியீடு 87000.

மூன்றாவது, லங்காவியின் குறியீடு 07000. வாட்ஸ்அப் ஆர்டர்களை எக்செலில் தட்டி ஏற்றுகிறீர்களா? எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி, 7000 ஆக்கிவிடும். '07-இல் தொடங்கினால்' என்ற ஃபில்டர் இனி லங்காவியைப் பிடிக்காது. தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த எடையைக் கேட்கிறது?

அரை கிலோ முறுக்கு இரண்டு பாக்கெட் வாங்கினால் சரியாக 1 கிலோ. ஒரு விதி '1 கிலோவுக்குக் கீழ்', இன்னொன்று '1 கிலோவுக்கு மேல்' என்று இருந்தால், இந்த ஆர்டர் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும். ஒன்றில் '1 கிலோவும் அதற்கு மேலும்' என்று இருக்க வேண்டும். பெட்டியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முறுக்குக்கு இன்னொரு தொல்லை உண்டு: எடை குறைவு, இடம் அதிகம். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, 'கன அளவு எடை' பார்க்கும். 30 × 30 × 20 பெட்டி என்றால் 3.6 கிலோ. உள்ளே 2 கிலோ முறுக்குதான் இருந்தாலும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். எடையை மட்டும் பார்க்கும் ஃபில்டர் இதைக் கவனிக்காது. பெரிய பெட்டிக்குத் தனி விதி வையுங்கள்.

எந்த விதி முதலில்?

'1 கிலோவுக்குக் கீழ் என்றால் சாதாரண சேவை' என்று ஒரு விதி. 'சபா என்றால் விமானம்' என்று இன்னொன்று. தாவாவுக்குப் போகும் அரை கிலோ பார்சல் இரண்டிலும் பொருந்தும். எது ஜெயிக்கும்?

சில சாஃப்ட்வேரில் விதிகள் மேலிருந்து கீழாக ஓடும், கடைசி விதி முந்தியதை மாற்றிவிடும். சிலவற்றில் முதலில் பொருந்தும் விதியோடு வேலை முடிந்தது. உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிட்டு வரிசையை அமையுங்கள். அதைவிட நல்ல வழி, முதல் விதியின் ஃபில்டரிலேயே 'தீபகற்பம் மட்டும்' என்று சேர்த்துவிடுவது. அப்போது இரண்டும் மோதவே மோதாது.

விதியை இயக்கும் முன் இதைச் செய்யுங்கள்

போன மாத ஆர்டரில் இருபதை எடுங்கள். கூச்சிங், லாபுவான், லங்காவி, பக்கத்துத் தெரு, சரியாக 1 கிலோ என்று எல்லா வகையும் இருக்கட்டும். ஒவ்வொன்றும் எந்த விதியில் விழ வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று ஒப்பிடுங்கள்.

கடைசியாக, எந்த விதியிலும் சிக்காத ஆர்டருக்கு 'கையால் பார்க்கவும்' என்று ஒரு அடையாளம் விழும்படி செய்யுங்கள். தினமும் காலையில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் நிம்மதி. ஏதாவது இருந்தால், உங்கள் ஃபில்டர் எதைத் தவறவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் "முறுக்கு இன்னும் வரலையே" என்று கேட்பதற்கு முன்பே.