பாசியோடு வாழும் பாக்டீரியாவை அடையாளம் காண்பது

கடலில் மிதக்கும் நுண்பாசிகள் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் ஓயாமல் கசியவிடுகின்றன. அவற்றைத் தேடிப் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். பாசியை ஆய்வகக் குடுவைக்கு மாற்றினாலும் அவை விடாமல் கூடவே வரும். அப்படி வந்த ஒன்று புதிய இனம்தான் என்று நிறுவ என்னென்ன செய்ய வேண்டும்? 2005இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர ஆய்வாளர்கள் விவரித்த டைனோரோசியோபாக்டர் ஷிபே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது கிடைத்தது புரோரோசென்ட்ரம் லைமா என்ற நுண்பாசியின் வளர்ப்பில். சிப்பி தின்பவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாசி அது.

முதல் வேலை, பிரித்தெடுப்பது. பாசி தங்கிவிடும், பாக்டீரியா நழுவிவிடும் அளவுக்குத் துளையுள்ள வடிதாளில் வளர்ப்பை வடிகட்டி, கிருமி நீக்கிய கடல்நீரால் அலசினால், சும்மா மிதந்தவை போய்விடும், ஒட்டியவை எஞ்சும். எஞ்சியதைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து அகார் தட்டுகளில் பரப்ப வேண்டும். இங்கே தாராளம் காட்டக் கூடாது. சத்து மிகுந்த ஊடகத்தில் அவசரக்காரப் பாக்டீரியாக்கள் இரண்டே நாளில் தட்டை நிறைத்துவிடும். நாம் தேடுவது பெரும்பாலும் மெதுவாக வளர்கிற இனம். ஆகவே சத்துக் குறைந்த ஊடகத்தையும் சேர்த்து வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில தட்டுகளை இருட்டில் வைப்பதும் நல்லது: ஷிபே போன்றவை தம் ஒளிச்சேர்க்கை நிறமியை இருட்டில்தான் உருவாக்குகின்றன. வெளிச்சத்தில் வெளிறிக் கிடக்கும் காலனி இருட்டில் சிவந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிடித்த காலனியைப் புதுத் தட்டில் லூப் எனும் கம்பி வளையத்தால் இழுக்கிறோம். மாவு தீரத் தீரக் கோலக்கோடு மெலிவதுபோல, கோட்டின் முடிவில் செல்கள் தனித்தனியாக விழும். அங்கிருந்து ஒரு காலனியை எடுத்து மறுபடி இழுக்க வேண்டும். குறைந்தது மூன்று முறையாவது செய்யாமல் தூய வளர்ப்பு என்று நம்பக் கூடாது.

அடுத்து, பாக்டீரியாக்களின் உறவை அறிய உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு. சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள இதைப் பிசிஆரில் பெருக்கி, வரிசையைப் படித்து, தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும். மிக நெருங்கிய உறவோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேலே இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. முழு ஜீனோமையும் ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அது வேறு இனமே.

பலரும் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். எந்த வெப்பத்தில், எவ்வளவு உப்பில் வளர்கிறது, எதைத் தின்கிறது, சவ்வில் என்னென்ன கொழுப்பு அமிலங்கள் என்று பட்டியலிட வேண்டும். நெருங்கிய உறவினங்களையும் வாங்கி, அதே ஊடகத்தில், அதே வெப்பத்தில் பக்கத்திலேயே வளர்த்து ஒப்பிடுவதுதான் நேர்மையான வழி. வளர்ப்புச் சூழல் மாறினால் கொழுப்பு அமிலங்களின் அளவும் மாறும். பழைய கட்டுரையின் அட்டவணையோடு ஒப்பிட்டு என்ன பயன்?

புதிய இனம் என்று பெயரிடத் தேவையில்லாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பாசியைப் பாக்டீரியா இல்லாததாக்கி, வைட்டமின் பி12 இல்லாத ஊடகத்தில் விட்டால், பி12 தேவைப்படும் பாசி தளர்ந்துபோகும். பிரித்தெடுத்த பாக்டீரியாவைச் சேர்த்ததும் மீண்டும் பெருகினால், உறவு புரிந்துவிடும். ஷிபே நுண்பாசிக்கு பி1, பி12 இரண்டையும் தருவது இப்படித்தான் தெரியவந்தது. அதுவே பாசி முதிர்ந்தபின் அதைக் கொல்லவும் செய்கிறது என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு. ஆக, நட்பு என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

கடைசியில் பெயர். இனப்பெயரில் உள்ள ஷிபே, காற்றைச் சுவாசித்தபடியே ஒளியையும் பயன்படுத்தும் கடல் பாக்டீரியாக்களை முதலில் கண்ட ஜப்பானியர் சுனேயோ ஷிபாவைக் குறிக்கிறது. ஆனால் பெயரை அச்சிட்டால் மட்டும் போதாது. உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைத்தால்தான் விதிப்படி செல்லும். ஷிபே ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட்டில் 16493ஆம் எண்ணிலும், ஸ்காட்லாந்தின் என்சிஐஎம்பியில் 14021ஆம் எண்ணிலும் இருக்கிறது.