ஆட்டு வயிற்றில் ஒரு பரிணாமப் பாடம்

பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்தும்போது எடுத்துக்காட்டுக்காகத் தொலைதூரத் தீவுகளுக்குப் போய்விடுகிறோம். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் அது தேவையில்லை. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள்.

திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளின் செம்மறி இனம் சென்னை சிவப்பு. செம்மறியின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு ஹீமாங்கஸ். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டைகள் புழுக்கையோடு விழுந்து, மழைக்கால ஈரத்தில் பொரிந்து, இளம்புழுக்கள் புல்லில் ஏறி மீண்டும் ஆட்டுக்குள் போகும். சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கிவிடும். ஆடு சோகை பிடித்து வெளிறும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும்; குட்டிகள் இறந்தும் போகும்.

இதற்குக் கொடுக்கும் அல்பென்டசோல், புழுவின் பீட்டா டியூபுலின் புரதத்தோடு இணைந்து அதன் வேலையைக் கெடுக்கிறது. அப்புரதத்தின் 200ஆவது இடத்தில் ஃபினைல் அலனினுக்குப் பதில் டைரோசின் இருந்தால் மருந்து சரியாக ஒட்டாது. டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து மாற்றம்தான். இவ்வகையின் முதல் மருந்தான தயபென்டசோல் 1961இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்க ஆடுகளில் எதிர்ப்பு தெரிந்தது. தமிழ்நாட்டுப் பண்ணை ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது.

“புழு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று மாணவர்கள் எழுதுவார்கள். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எந்தப் புழுவும் பழகவில்லை. மாற்றமுள்ள சில புழுக்கள் முன்பே இருந்தன. மற்றவை செத்தபின் அவை மட்டும் பெருகின. எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊற்றுவதும், ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தைக் கொடுப்பதும் இந்தத் தேர்வை விரைவுபடுத்தும். மந்தை முழுவதற்கும் ஊற்றி உடனே புது மேய்ச்சலுக்கு ஓட்டினால், அங்கே விழுவதெல்லாம் தப்பிய புழுக்களின் முட்டைகளே. அதனால்தான் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்து, வெளிறிய ஆடுகளுக்கு மட்டும் மருந்து தரும் முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது.

கணக்கும் போடலாம். மருந்துக்கு முன் ஒரு கிராம் புழுக்கையில் 800 முட்டை, இரு வாரம் கழித்து 240 என்றால் குறைவு 70 விழுக்காடு. 95க்குக் கீழே போனால் எதிர்ப்பு எனச் சந்தேகிக்க வேண்டும். புழுக்கைப் பரிசோதனைக்குக் கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

“நாங்களும் அந்த மாத்திரையைத்தானே சாப்பிடுகிறோம்?” என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேள்வி சரியானதே. தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தருவதும் அல்பென்டசோல்தான். ஆனால் நம் குடலில் வாழும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு வேறு இனங்கள். ஆட்டுப் புழுவின் கதையைக் கேட்டு யாரும் மாத்திரையை மறுக்க வேண்டாம் என்பதை அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.