பொது ஜனங்களுக்கென அச்சிட்ட தாள்கள்

2021-ஆம் வருஷம் நவம்பர் மாதம் நியூயார்க் நகரில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் அச்சுப் பிரதியொன்று ஏலத்திற்கு வந்தது. 17,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் ஒன்றுகூடி, 4 கோடி டாலருக்கு மேல் திரட்டி, அதைப் பெற முயன்றனர். கென் கிரிஃபின் என்னும் தனவந்தர் 4 கோடியே 32 லட்சம் டாலருக்கு அதைக் கொண்டுபோனார். 1988-இல் இதே பிரதியின் விலை 1,65,000 டாலர்தான். பொருட்காட்சிச் சாலையொன்றிற்கு அவர் அதை இரவலாகக் கொடுத்ததை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், ஜனங்களின் பேரால் இயற்றிய சாஸனத்தை ஜனங்கள் காண்பது ஒரு செல்வரின் தாராளத்தைப் பொறுத்திருப்பது நமக்கு உவப்பாயில்லை.

அத்தாள் பிறந்த விதத்தைப் பாருங்கள். 1787-இல் பிலடெல்பியாவில் பிரதிநிதிகள் கதவடைத்து இரகசியமாகக் கூடினர். அவர்களுக்காக டன்லப், கிளேபூல் என்னும் இரு அச்சுக்காரர்கள் ஏறக்குறைய 500 பிரதிகள் அச்சிட்டதாகக் கணக்கிடுகின்றனர்; இன்று எஞ்சியவை பதினைந்துக்கும் குறைவே. செப்டம்பர் 17-ந் தேதி கையொப்பமாயிற்று. 19-ந் தேதி அதே அச்சுக்காரர்கள் தங்கள் தினசரியின் நான்கு பக்கங்களையும் அதற்கே ஒதுக்கினர். இரகசியம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது! அன்று அதை வாங்கி வாசித்தவர்களில் எத்தனை பேர் பத்திரப்படுத்தியிருப்பர்? நம்முடைய தாளும் மறுநாள் பொட்டலம் கட்டப் போவதை அறிந்தே நாம் எழுதுகிறோம்.

இதை நன்கறிந்த அச்சுக்காரர் ஒருவர் அந்நாட்டில் இருந்தார். ஐசையா தாமஸ் என்பது அவர் பெயர். 1775-இல் யுத்தம் மூளுந் தறுவாயில் தமது அச்சியந்திரத்தைப் பாஸ்டனிலிருந்து வுஸ்டருக்கு இரவோடிரவாகக் கடத்திச் சென்றவர். பிற்காலத்தில் அமெரிக்க அச்சுக் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்து, பழம் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தேடிச் சேர்த்து, 1810-இல் அந்நூலை வெளியிட்டார். 1812-இல் புராதன ஆராய்ச்சிச் சங்கமொன்றை நிறுவி, ஏறக்குறைய 8,000 புஸ்தகங்களை அதற்கு அளித்தார். கடற்கரை நகரங்களைத் தீயும் பகைவரும் அழிக்கக்கூடும் என்றே உள்நாட்டு ஊராகிய வுஸ்டரைத் தேர்ந்தனர். அந்த அச்சம் வீண்போகவில்லை: 1814-இல் பிரிட்டிஷ் படைகள் வாஷிங்டனில் தீ வைத்தபோது காங்கிரஸின் புஸ்தகசாலையும் எரிந்தது.

அதே வருஷத்தில் தாமஸ் செய்த வேறொரு காரியமே நமக்கு அதிகம் பிடித்தது. பாஸ்டனில் ஒரு தெருப் பாட்டு வியாபாரியிடம் முந்நூறுக்கு மேற்பட்ட ஒற்றைத் தாள்களை முந்தின வருஷம் வாங்கியிருந்தார். அவற்றை மூன்று தொகுதிகளாகக் கட்டடம் செய்தார். காதல், கொலை, கடற்போர் இவைகளைப் பற்றிய மலிவுப் பாட்டுகள் அவை. பாமரர் அக்காலத்தில் எவற்றை விரும்பினர் என்பதைப் பின்வருவோருக்குக் காட்டவே சேர்த்ததாக அவரே குறித்துவைத்தார். அக்குறிப்பில் சற்று ஏளனமும் தொனிக்கிறது. இருப்பினும் தாள்களை எறிந்துவிடவில்லை. அவை இன்றும் வுஸ்டரில் அச்சங்கத்தின் வசமே இருக்கின்றன. அவற்றின் படங்களை எந்த நாட்டவரும் காசு கொடாமல் பார்க்கலாம்.