உடைமையும் உரையும்: திறந்தமூலச் செய்நிரல் நூலகமொன்றின் புதிய வெளியீட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

திறந்தமூல மென்பொருள் பற்றிய விவாதங்களிற் 'பொதுச்சொத்து' என்ற சொல் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என உரிமம் கூறுவதால், அம்மென்பொருள் சமூகம் முழுவதற்கும் உரியதாகிவிட்டது எனக் கொள்ளப்படுகிறது. சட்ட நோக்கில் இது உண்மையே. ஆயின் ஓர் உற்பத்திச் சாதனம் சட்டத்தாற் பொதுவாதல் வேறு. நடைமுறையிற் பொதுவாதல் வேறு. இயந்திரத்தை இயக்கும் அறிவு சிலரிடம் மட்டும் தங்கியிருக்கும்வரை, அதன் உறுதிப்பத்திரத்தில் எல்லோருடைய பெயரும் எழுதப்பட்டிருப்பதனால் விளையும் பயன் சிறிதே. அவ்வறிவை எழுத்தில் வடித்துப் பலருக்கும் உரியதாக்கும் பணியே ஆவணமாக்கல் எனப்படுகிறது. ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வெளிவரும் வேளையில் இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதற்கான உழைப்பை யார் ஏற்கின்றனர் என்பவற்றை நம்பை எனும் நூலகத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு நூலகம் என்பது, பிற நிரலாளர் தத்தம் செய்நிரல்களில் எடுத்தாளுவதற்கென ஆக்கி வைக்கப்பட்ட சார்புகளின் தொகுதியைக் குறிக்கும். நம்பை, பைதன் மொழியில் எண்களின் அணிகளைக் கையாளுவதற்கான நூலகம். 2015இல் ஈர்ப்பலைகள் முதன்முதலாக உணரப்பட்டபோதும், 2019இல் கருந்துளையொன்றின் படிமம் முதன்முதலாக வெளியிடப்பட்டபோதும் அவற்றின் பின்னணியிலிருந்த கணிப்புகளில் இந்நூலகம் பயன்பட்டது. இன்றைய விஞ்ஞானத்தின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்று என இதனைக் கூறுவது மிகையாகாது.

2

நம்பையின் முதற் பதிப்பு 2006இல் வெளிவந்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த நியூமரிக், நம்அரே ஆகிய இரு நூலகங்களையும் ஒன்றிணைத்து அதனை ஆக்கியவர் ட்ராவிஸ் ஒலிபன்ட். செய்நிரல் இலவசமாகவும் திறந்தமூலமாகவும் வழங்கப்பட்டது. ஆனால் அதனை முழுமையாக விளக்கும் 'நம்பைக்கு ஒரு வழிகாட்டி' என்ற அவருடைய நூல் விலைக்கே விற்கப்பட்டது. இதனைத் தனிமனிதரின் பேராசையாகக் காண்பது தவறாகும். நிரலெழுதும் உழைப்புக்கு ஊதியம் வழங்க எந்த நிறுவனமும் முன்வராத சூழலில், விற்கத்தக்கதாக எஞ்சியிருந்தது விளக்கம் ஒன்றே. எனினும் இவ்வேற்பாடு ஓர் உண்மையைத் தெளிவாக வெளிப்படுத்திற்று. நூல் பொதுவாகவும் உரை தனியாகவும் இருக்கையில், நூலும் முழுமையாகப் பொதுவாவதில்லை. 2008 ஓகஸ்ட் மாதத்தில் அவ்வழிகாட்டி பொதுவுடைமையாக்கப்பட்டது. இன்றைய நம்பைக் கையேட்டின் பெரும்பகுதிகள் அதிலிருந்தே தோன்றியவை.

அதே ஆண்டில் மற்றொரு முயற்சியும் தொடங்கிற்று. மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகக் கோளியல் ஆய்வாளர் ஜோசப் ஹரிங்டன், நம்பையைக் கொண்டு மாணவர்க்குக் கற்பித்தபோது, போதிய விளக்கமின்மை கற்றலுக்குப் பெருந்தடையாயிருப்பதைக் கண்டார். ஆவணப்பணியை ஒருங்கிணைக்கவென ஸ்டெஃபான் வான் டெர் வோல்ட் என்பவரை ஊதியத்திற்கு அமர்த்தினார். நிரலின் உள்ளமைப்பை அறியாதவரும் ஒவ்வொரு சார்புக்குமான விளக்கத்தை எழுதித் திருத்தக்கூடிய பொது எழுதுதளமொன்று அமைக்கப்பட்டது. எழுதப்பட்டவை மதிப்பீட்டின் பின்னர் மூலநிரலிற் சேர்க்கப்பட்டன. 2008இன் பிற்பகுதியில் வெளிவந்த 1.2 பதிப்பு, தன் முதன்மையான சிறப்புகளுள் ஒன்றாக ஆவணப்பணியையே முன்னிறுத்திற்று. உரையெழுதுவோர் வட்டம் விரிந்ததும் உரை வளர்ந்தது என்பதே இதனால் அறியப்படுவது.

3

ஒரு வெளியீட்டுக்கான ஆவணங்கள் ஒரே தன்மையன அல்ல. முதலாவது, சார்புகளுக்கான உசாத்துணை. ஒவ்வொரு சார்பின் விளக்கமும் அதன் நிரலோடு சேர்த்தே எழுதப்படுகிறது. சுருக்கம், உள்ளீடுகள், விளைவு, எழக்கூடிய வழுக்கள், தொடர்புடைய பிற சார்புகள், குறிப்புகள், எடுத்துக்காட்டுகள் என அதன் உறுப்புகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஸ்பிங்ஸ் எனும் கருவி அவற்றைத் திரட்டிக் கையேடாக்குகிறது. எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பார்த்து, அவை கூறும் விடை இன்னும் கிடைக்கிறதா எனச் சோதிக்கவும் வழியுண்டு.

இரண்டாவது, வெளியீட்டுக் குறிப்புகள். நம்பையில் இவை இறுதிநாளில் நினைவிலிருந்து எழுதப்படுவனவல்ல. பயனாளரைப் பாதிக்கும் மாற்றமொன்றை முன்மொழிபவர் அம்மாற்றத்தோடு சிறு குறிப்புக் கோப்பொன்றையும் சேர்க்கவேண்டும். அது புதிய சார்பா, மேம்பாடா, வழக்கொழிப்பா, பழைய நிரல்களோடு ஒவ்வாத மாற்றமா என்ற வகையும் கோப்பின் பெயரிலேயே குறிக்கப்படும். வெளியீட்டின்போது இக்குறிப்புகள் வகைவாரியாகத் தொகுக்கப்படுகின்றன. மாற்றியவரே மாற்றத்தின் விளைவைச் சொல்லும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்ற நெறி இதில் அடங்கியுள்ளது.

மூன்றாவது, பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறுவோர்க்கான வழிகாட்டி. நான்காவது, புதிதாகக் கற்போர்க்கான பாடங்களும் விளக்கங்களும். 2020இல் நம்பையின் ஆவணங்களை மறுசீரமைப்பதற்கான முன்மொழிவு, பாடம், செய்முறை, விளக்கம், உசாத்துணை என்ற நால்வகைப் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. படிப்பவரின் தேவையே இப்பாகுபாட்டின் அளவுகோல்.

தமிழிலக்கண மரபில் நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எட்டுப் பொருள்களைக் கூறுமிடத்து, நுதலிய பொருளோடு கேட்போரையும் பயனையும் சேர்த்தெண்ணியமை இங்கு நினைவுகூரத்தக்கது. எனினும் இரண்டுக்குமிடையே அடிப்படை வேறுபாடொன்றுண்டு. நம் உரையாசிரியர்கள் நிறைவெய்திய நூல்களுக்கு உரைகண்டனர். நூலகத்தின் மூலமோ வெளியீடுதோறும் மாறுவது. அதனோடு மாறாத உரை, படிப்போரைத் தவறான வழியிற் செலுத்திவிடும். இல்லாத உரையினும் அது கேடு பயப்பது.

4

'நிரலே இருக்கையில் உரை எதற்கு? ஐயமெனின் மூலத்தைப் படித்தறியலாமே' என வாதிடுவோர் உளர். நிரல், நடப்பது யாது எனக் கூறும்; வாக்களிக்கப்பட்டது யாது எனக் கூறாது. நடப்பவற்றுள் எது எதிர்காலத்திலும் நிலைக்கும், எது தற்செயலானது என்பதை ஆவணமே வரையறுக்கிறது. அவ்வகையில் ஆவணம், ஆக்குவோருக்கும் பயன்படுத்துவோருக்குமிடையிலான உடன்படிக்கையாகும்.

2024 ஜூன் 16ஆந் திகதி வெளிவந்த நம்பை 2.0 இதற்குத் தக்க சான்று. 2006க்குப் பின் முதலெண் மாறிய முதல் வெளியீடு அதுவே. முதன்மைப் பெயர்வெளியிலிருந்த ஏறத்தாழ நூறு பெயர்கள் அதில் நீக்கப்பட்டன, இடம்மாற்றப்பட்டன அல்லது வழக்கொழிப்புக்குரியன என அறிவிக்கப்பட்டன. முடிவிலி என்ற ஒரே பெறுமானத்திற்கு அதுவரை ஐந்து பெயர்கள் இருந்தன. 2.0இல் ஒன்றே எஞ்சிற்று. அகநிலைக்கென அமைந்த 'கோர்' என்ற பகுதியும் பெயர்மாற்றம் பெற்றது. எது பொதுப்பயன்பாட்டுக்குரியது, எது அகத்துக்குரியது என்ற எல்லை நெடுங்காலம் தெளிவாக வகுக்கப்படாதிருந்தமையால், அகத்துக்குரியவற்றையும் நம்பி எழுதிய நிரல்கள் பெருகியிருந்தன. முன்பே எழுதப்படாத உரையின் செலவு, பின்னர் எண்ணிறந்த பயனாளர் தலையில் விழுந்தது எனலாம். அச்சுமையைக் குறைக்கவே மாறுவோர்க்கான வழிகாட்டி விரிவாக ஆக்கப்பட்டது. பழைய பெயர்களைக் கண்டறிந்து மாற்றித்தரும் விதியொன்றும் ரஃப் என்ற சரிபார்ப்புக் கருவியில் இடம்பெற்றது.

5

இவ்வெளியீடு பதினொரு மாத உழைப்பின் பயன். 212 பேர் பங்களிக்க, 1078 மாற்ற முன்மொழிவுகள் இதில் இணைக்கப்பட்டன. நம்பையின் வெளியீட்டுக் குறிப்புகளிற் பங்களித்தோர் பெயர்கள் அகரவரிசையில் இடம்பெறுவதும், முதன்முறையாகப் பங்களித்தோர் பெயரருகே கூட்டற்குறி இடப்படுவதும் மரபு. பண்டத்தில் மறைந்துபோகும் உழைப்பை இப்பட்டியல் ஓரளவேனும் வெளிக்கொணர்கிறது. ஆயின் இணைக்கப்பட்ட மாற்றங்களின் பதிவிலிருந்தே பட்டியல் ஆக்கப்படுவதால், புதியவரின் ஐயங்களுக்குப் பொறுமையாக விடையளித்தோர், விளங்காத இடத்தைச் சுட்டியதால் உரை திருந்தக் காரணமானோர் ஆகியோரின் பணி அதில் முழுமையாக இடம்பெறுவதில்லை.

நிரலெழுதுதல் படைப்பாகவும், உரையெழுதுதல் ஏவற்பணியாகவும் மதிக்கப்படும் வேலைப்பிரிவினையே ஆவணங்கள் பின்தங்குவதற்கு முதன்மைக் காரணம். நம்பை தன் முதற் பெருநிதியாக 645,000 அமெரிக்க டொலரை மூர் அறக்கட்டளையிடமிருந்து பெற்றது 2017இலேயே. முதற் பதிப்பு வெளிவந்து அப்போது பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. அக்காலமெல்லாம் பெருநிறுவனங்கள் இந்நூலகத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தியே வந்தன. பதிப்புரிமைக் குறிப்பைப் பேணுதல் போன்ற சில நிபந்தனைகளன்றி, பயனிற் பங்கு தருமாறு அதன் பி.எஸ்.டி. உரிமம் எவரையும் கோருவதில்லை. 2019இலும் 2020இலும் கூகுள் நிறுவனத்தின் ஆவணப் பருவத் திட்டத்தின்கீழ் எழுத்தாளர் சிலர் ஊதியத்தோடு நம்பை ஆவணங்களில் ஈடுபட்டனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பொதுச்சொத்தின் அன்றாடப் பராமரிப்பை நிறுவனங்களின் பருவகாலக் கொடையில் தங்கவைப்பது நிலையான தீர்வாகாது.

ஆதலின், இத்தகைய நூலகங்களைக் கொண்டு ஆய்வு செய்யும் பல்கலைக்கழகங்கள் ஆவணமாக்கலை ஆய்வுப்பணியின் பகுதியாக ஏற்று, பதவி உயர்வின்போதும் நிதி ஒதுக்கீட்டின்போதும் அதற்குரிய இடத்தை வழங்குதல் வேண்டும். பயனடையும் நிறுவனங்கள் உரையெழுதுவோரின் ஊதியத்தில் முறையான பொறுப்பேற்குமாறு கோரப்படல் வேண்டும். கற்கும் மாணவர், தமக்கு விளங்காத பகுதியைத் தெளிவுபடுத்தி எழுதுவதிலிருந்தே தம் முதற் பங்களிப்பைத் தொடங்கலாம். விளங்காமை எங்குள்ளது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இலர். நூலகம் அதன் பயனாளர் அனைவருக்கும் உண்மையில் உரியதாவது இவ்வழியாலேயே இயலும்.