தோற்றுப்போன விளையாட்டு தந்த பரிசு!



மாலையில், ஆபீசிலிருந்து அப்பாவோ, அம்மாவோ வீடு திரும்பிய பிறகும், அவர்கள் மொபைல் போன், 'டிங்... டிங்...' என்று கூப்பிடுகிறதா? 'ஆபீஸ் குரூப்பில் ஒரு பைல் போடணும். ரெண்டு நிமிஷம் பொறு கண்ணு...' என்கின்றனரா?

அந்த, 'ஆபீஸ் குரூப்' எப்படிப் பிறந்தது. அதில் போடும் போட்டோ எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போமா? கடைசியில், நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். வாத்தியார் தவறு செய்வாரா என்று கேட்காதீர்கள், செய்தேன்!

பின்லாந்தில் விழுந்த விதை

ஆண்டு 1988. பின்லாந்து நாட்டின், ஓலு பல்கலைக்கழகத்தில் இருந்த, ஜார்க்கோ ஓய்கரினென் என்ற இளைஞர், ஒரு புரோகிராம் எழுதினார். அதன் பெயர், 'இன்டர்நெட் ரிலே சாட்!' வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள், ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் வழியே எழுதிப் பேச உதவியது அது.

அதில், ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனி அறை உண்டு. அறையின் பெயருக்கு முன், # என்ற குறி இருக்கும். இந்தக் குறியை மறந்து விடாதீர்கள், மீண்டும் வரும்!

விளையாட்டு தோற்றது, அரட்டை ஜெயித்தது!

கனடாவில், ஒரு சிறு கிராமத்தில் மர வீட்டில் வளர்ந்தவர், ஸ்டூவர்ட் பட்டர்பீல்டு. கல்லூரியில் அவர் படித்தது, தத்துவம். ஆனால், ஆசையெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டு மேல்!

நண்பர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் விளையாட்டு, வெற்றி பெறவில்லை. ஆனால், அந்த வேலையிலிருந்து கிளைத்த ஒன்று, 2004ல் புகழ் பெற்றது. அதுதான், போட்டோக்களைப் பகிரும், 'பிளிக்கர்' இணையதளம்!

மனிதர் சும்மா இருந்தாரா? மீண்டும் ஒரு விளையாட்டு! பெயர், 'கிளிட்ச்!' பதினொரு ராட்சதர்களின் கற்பனைக்குள் இருக்கும் உலகம் அது. செப்டம்பர் 2011ல் வெளியானது. போதுமான ஆட்கள் விளையாட வராததால், டிசம்பர் 2012ல் மூடப்பட்டது. பலருக்கு வேலை போனது. அவர்களுக்கு வேறு இடத்தில் வேலை தேடித் தர முயன்றார், பட்டர்பீல்டு.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள், வெவ்வேறு நகரங்களில் இருந்தனர். தங்களுக்குள் பேச, ஓய்கரினெனின் பழைய சாட் முறையைத்தான் பயன்படுத்தினர். ஆனால், அதில் ஒரு குறை. நீங்கள் இல்லாதபோது மற்றவர்கள் பேசியது, உங்களுக்குக் கிடைக்காது. எனவே, பேச்சையெல்லாம் சேமிக்க ஒரு வசதி செய்தனர். பிறகு, தேட ஒரு வசதி. பைல் போட ஒரு வசதி. இப்படி, தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்தனர்.

விளையாட்டு மூடியபின்தான் உறைத்தது... 'அட, இந்தச் சாட் கருவியே எல்லா ஆபீசுக்கும் உதவுமே!'

அதுதான், 'ஸ்லாக்!' ஆகஸ்ட் 2013ல் அறிமுகமாகி, பிப்ரவரி 2014ல் முழுமையாக வெளியானது. 'எல்லா உரையாடலையும், அறிவையும் தேடி எடுக்கக்கூடிய குறிப்பேடு' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளே, அந்தப் பெயர். அதில் உள்ள அறைகளுக்கு முன்னும், அதே # குறி!

டிசம்பர் 2020ல், 'சேல்ஸ்போர்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம், இதை ஏறத்தாழ, 2,770 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2021ல் வாங்கி முடித்தது. தோற்ற விளையாட்டின் மிச்சத்துக்கு, இவ்வளவு விலை!

இதே வேலையைச் செய்ய, மைக்ரோசாப்டின், 'டீம்ஸ்' இருக்கிறது. நம் தமிழகத்தில் வளர்ந்த, ஜோஹோ நிறுவனத்தின், 'கிளிக்' இருக்கிறது.

போட்டோ எப்படிப் போகிறது?

நீங்கள் எடுத்த போட்டோ, மொபைல் போனுக்குள் படமாக இல்லை, எண்களாக இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம் என்று சொல்லும் எண்கள்! அவற்றைச் சுருக்கி மடித்து வைத்ததே, பைல்.

3 எம்.பி., அளவுள்ள போட்டோ என்றால், கிட்டத்தட்ட, 30 லட்சம், 'பைட்!' இதை அப்படியே ஒரே மூட்டையாக அனுப்ப முடியாது. ஒரு பொட்டலத்தில் சுமார், 1,500 பைட்தான் அடங்கும். எனவே, உங்கள் போட்டோ, 2,000க்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரிகிறது.

நீளமான கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, பக்க எண் போட்டு, தனித்தனி உறையில் அனுப்பினால் எப்படியோ, அப்படி! சில பொட்டலம் ஒரு வழியாகவும், சில வேறு வழியாகவும் போகலாம். முன்பின்னாக வந்தாலும், எண்ணைப் பார்த்து அடுக்கிக் கொள்ளலாம். '782ம் பொட்டலத்தைக் காணோமே...' என்றால், அது மட்டும் மீண்டும் அனுப்பப்படும்.

எல்லாம் போய்ச் சேருமிடம், 'சர்வர்' என்ற பெரிய கம்ப்யூட்டர். அங்கே போட்டோ சேமிக்கப்படுகிறது. குரூப்பில் இருப்பவர்களுக்கு, முதலில் சின்ன மாதிரிப் படம் தெரியும். தொட்டால், முழுப் படமும் இறங்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும் குட்டீஸ்... குரூப்பில், 40 பேர் இருந்து, எல்லாரும் தொட்டால், 40 இடத்தில் உங்கள் போட்டோ இருக்கும். சர்வரிலும் இருக்கும். அப்புறம், அது உங்கள் கையில் மட்டுமா இருக்கிறது?

நான் செய்த தவறு

ஆண்டு 2016. ஐந்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தேன். 'மழைநீர் சேகரிப்பு என்றால் என்ன?' என்பது கேள்வி. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்:

'மழை வந்தால் எங்க வீடு ஒழுகும். அம்மா, குண்டான், வாளி எல்லாம் வெச்சுப் பிடிப்பாங்க. அதுதான் மழைநீர் சேகரிப்பு.'

எனக்குச் சிரிப்பு வந்தது. பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டேனா? போட்டோ எடுத்து, எங்கள் ஆசிரியர் குரூப்பில் போட்டேன். மேலே அவன் பெயர் இருந்ததைக்கூட மறைக்கவில்லை. சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது!

இரண்டு நாட்களாக, அவன் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தேன். குரூப்பில் இருந்த ஒருவர், அதை உறவினருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, கடைசியில் அவன் தெருவுக்கே வந்து விட்டது. பெரிய பையன்கள், அவனைப் பார்த்ததும், 'குண்டான்' என்று கூப்பிட்டனராம்.

பதறிப்போய், படத்தை அழித்தேன். என் போனிலிருந்து மட்டும்தான் அழிந்தது!

அன்று மாலையே, அவன் வீட்டுக்குப் போனேன். ஓட்டுக் கூரையில், இரண்டு இடத்தில் வானம் தெரிந்தது. அதன் நேர் கீழே, குண்டான். அவன் அம்மாவிடமும், அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அவன் தலை நிமிராமல் கேட்டான்... 'நான் எழுதினது தப்பா சார்?'

யோசித்துப் பார்த்தேன். மழைநீரைப் பிடித்து வைப்பதுதானே சேகரிப்பு? 'தப்பில்லைப்பா... நான்தான் தப்பு' என்றேன். மறுநாள், அவன் பள்ளிக்கு வந்தான். பூஜ்யத்தை அடித்து, முழு மதிப்பெண் போட்டேன். ஆனால், ஊரெல்லாம் போன படத்தை, என்னால் திரும்பக் கூப்பிட முடியவில்லை.

இன்று பல ஆப்களில், 'எல்லாருக்கும் அழி' என்ற வசதி வந்து விட்டது. ஆனாலும், அதற்குள் யாராவது சேமித்திருந்தால், திரையைப் படம் பிடித்திருந்தால், அது அழியாது. ஆபீஸ் ஆப்களில், நிர்வாகி அமைத்த விதிப்படி, அழித்த செய்தியின் நகலை வைத்திருக்கவும் முடியும்.

'அனுப்பு' தொடும் முன்...

* எந்த குரூப் என்று பெயரைப் பாருங்கள். அவசரத்தில் குரூப் மாறிப் போவது, பெரியவர்களுக்கே நடக்கும்!

* படத்தில் வேறு ஒருவர் இருந்தால், அவரிடம் கேட்டு விட்டு அனுப்புங்கள்.

* பெயர், விலாசம், போன் எண், பாஸ்வேர்டு படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். சில போட்டோ பைல்களுக்குள், எடுத்த நேரமும், இடமும்கூட ஒளிந்திருக்கும்.

* யாரையாவது பார்த்துச் சிரிக்க அனுப்புகிறீர்களா? அவர் எதிரில் நின்றால் காட்டுவீர்களா என்று யோசியுங்கள். 'மாட்டேன்' என்றால், அனுப்பாதீர்கள்.

* அப்பா, அம்மாவின் ஆபீஸ் குரூப்பைத் திறக்கவே வேண்டாம். அது அவர்கள் வேலை செய்யும் இடம்!

இன்று இரவு, அப்பா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 'நீங்கள் எப்போதாவது தப்பான குரூப்பில் அனுப்பியிருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். நிச்சயம், ஒரு கதை கிடைக்கும்.

சரியா குட்டீஸ்?